மாப்பிள்ளையின் இடது பின்னங்கால்

மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது சின்னவளுக்குத் தெரியும். யாருக்காக அடித்தார்கள் என்பதுதான் ஒரு கணம் விளங்கவில்லை. அந்த நேரத்தில் மணல் திடலுக்குள் இருந்தது அவளும் அவளுடைய குதிரையும் மட்டுமே என்பதால் சந்தேகப்பட அதிக இடமும் இல்லை. நடுவர் அம்மாள் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "குதிரை நொண்டுதும்மா. கூட்டிட்டுப் போயிடு" என்றார். ரொம்ப அன்பாகச் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது தோன்றியிருக்கும். அன்புக்கு என்ன பதில் சொல்வது? இறங்கி, கயிற்றைப் பிடித்து, வரிசையாக நின்ற ஆட்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டிக்கொண்டு வரும்போது குதிரை நொண்டவே இல்லை. அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

குதிரையின் பெயர் மாப்பிள்ளை. லாயத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே விழுந்த பெயர். தண்ணீர் வைத்தால் முதலில் வாளியைப் பார்ப்பார், பிறகு வைத்த ஆளைப் பார்ப்பார், சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதுபோலக் குடிப்பார். தீனி தாமதமானால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அப்படி ஒருவரை ‘அது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்தார். சின்னவளின் அக்கா புருஷன். பெயர் பறிபோனதில் அத்தானுக்கு வருத்தமில்லை. "பேரை வச்சுக்கட்டும். அந்தக் கவனிப்புல பாதி எனக்கு வந்தா போதும்" என்பார்.

சின்னவள் கலந்துகொள்வது ஓட்டப் பந்தயமும் இல்லை, தடை தாண்டுவதும் இல்லை. செவ்வகமான மணல் திடலில், முன்கூட்டியே கொடுத்த வரிசைப்படி வட்டம் போட்டு, மூலையில் ஒழுங்காகத் திரும்பி, நடையையும் ஓட்டத்தையும் சொன்ன இடத்தில் மாற்றிக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர் மதிப்பெண் போடுவார். தெரியாதவர்களுக்கு, யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுக் குதிரைமேல் உட்கார்ந்து தேடுவதுபோல இருக்கும். சின்னவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், "நேத்து எத்தனையாவதா ஓடி வந்தே?" என்று கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. அவளும் விளக்குவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலிக் கட்டையில் உரசியபோது ஒரு சிலாம்பு மாப்பிள்ளையின் இடது பின்னங்கால் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. சிலாம்பு தீக்குச்சி அளவுகூட இல்லை. ஆனால் மூட்டுக்குள் சீழ் பிடித்துவிட்டால் குதிரைக்குப் பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்தது. மாப்பிள்ளைக்கு முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மூட்டைக் கழுவி, தைத்து அனுப்பினார்கள். பிறகு மாதக்கணக்கில் கையில் பிடித்து நடை. தினமும் கடை மூடியதும் சின்னவள் லாயத்துக்குப் போய், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி அவரை நடத்தினாள். பார்த்தவர்கள், யார் யாரை நடத்துகிறார்கள் என்று கேட்டார்கள்.

அந்த நாட்களில்தான் அத்தான் ஒரு சந்தேகம் கேட்டார். "முட்டியிலதானே அடி?"

அக்கா கால்நடை மருத்துவர். பெரும்பாலும் நாயும் பூனையும் பார்ப்பவள். தங்கச்சியின் தயவால் குதிரையும் பார்ப்பவளாகிவிட்டாள். "முட்டி இல்லீங்க. குதிரைக்கு முட்டி மேல, வயித்துக்கிட்ட இருக்கு. நீங்க கை காட்டுறது குதிகால்."

"குதிகால் அவ்ளோ உசரத்துலயா?"

"ஆமா."

"அப்ப நாள் பூரா நுனிக்கால்லயா நிக்கிறாரு?"

"ஒரு காலுக்கு ஒரே ஒரு விரல்."

அத்தான் அதன்பிறகு சில நாட்கள் மாப்பிள்ளையிடம் மரியாதையாகப் பேசினார்.

கால் ஆறியது. படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு சுத்தமாக இருந்தது. சேணம் போட்டார்கள், ஏறினாள், மெல்ல மெல்லப் பழைய வேலைக்கு வந்தார்கள். இப்போது, முதல் போட்டியிலேயே, மணி.

மறுநாள் சாயங்காலம் அக்காவின் கிளினிக்குக்குப் போனாள். காதுக்குள் மருந்து விடப்படுவதில் உடன்பாடில்லாத ஒரு பூனையை அக்கா துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்கிற குதிரைமேல ஏறி உக்காந்திருந்தியா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"தெரியலைன்னா ஏறக்கூடாது."

"படம் சுத்தமா இருக்கு. ஆள் ஏறாம, கயித்துல சுத்தி ஓட்டினா ஒழுங்கா ஓடுறாரு. காலை மடக்கிப் பிடிச்சு, உடனே ஓடவிட்டோமே, அப்பவும் ஒழுங்கா ஓடினாரு. நீதானே பாத்தே?"

"பாத்தேன். நீ ஏறினா நொண்டுறாரு. அதையும் பாத்தேன்." பூனை துண்டுக்குள்ளிருந்து தன் கருத்தைச் சொன்னது. "பாரம் வந்தா உள்ள எங்கயோ வலிக்குது. வாய் இருந்தா சொல்லுவாரு. வாயில்லாததால உனக்கு வசதியா இருக்கு."

"எனக்கு என்னடி வசதி?"

"அக்காவை ‘டி’ போடாதே. காதைப் பிடி. உன் காதை இல்ல, பூனை காதை."

பூனை விடைபெற்றுக்கொண்ட பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முடிவுக்கு வந்தது அக்கா. சின்னவள் கூட வந்தாள். அடுத்த மாசக் கடைசியில் இன்னொரு போட்டி இருக்கிறது. அதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் போட்டியிலும் மணி அடித்தால் மாப்பிள்ளைமேல் இனி யாரும் ஏறக்கூடாது. ஊருக்கு வெளியே, ஓய்வுபெற்ற குதிரைகள் மேயும் புல்வெளி ஒன்று இருந்தது. அங்கே அனுப்பிவிட வேண்டும்.

கேட்பதற்குப் பரிசுபோல இருக்கும். ஆனால் காயம் ஆறிய நாட்களில் மாப்பிள்ளையை அந்தப் புல்வெளியில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்ற குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வரவேண்டியவர்கள் இன்னும் வரவில்லையே என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டார். வேலை இருந்தால்தான் சாப்பாடு இறங்கும் ரகம். வலிக்கிறது என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும். வலிக்கவில்லை என்றால்? அந்த ‘என்றால்’ சின்னவளை விடவில்லை. கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, "கீழ் வரி தெரியுதா சார்?" என்று கேட்கும்போதுகூட அவள் மனம் லாயத்தில்தான் இருந்தது. கீழ் வரி தெரியவில்லை என்று அவர் சொன்னதற்கு, "நடக்கும்போதா, ஓடும்போதா?" என்று கேட்டுவிட்டாள்.

விசாரணை தொடங்கியது. லாயத்தில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சேணம் உறுத்துகிறது என்றார் லாயக்காரர். சேணத்தை மாற்றினாள், நொண்டினார். லாடக்காரர் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "எங்கிட்ட தப்பு இல்ல, வேற எங்கயாவது தேடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையே எல்லாரும் சொன்னார்கள் என்பதுதான் சிக்கல். மேகம் போட்டால் மூட்டு வலிக்கும் என்றார் அத்தான். வெயில் சுள்ளென்று அடித்த நாளில் இன்னும் நன்றாக நொண்டினார். இறுகிய தரை, மணல், ஈர மணல், புல் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் லாயக்காரர், "அவருக்கு நடுவருங்களைக் கண்டா ஆகாது" என்றார். லாயத்தில் நடுவர் யாரும் இல்லையே என்றதற்கு, "நெனப்பு இருக்கும்ல" என்றார்.

அக்கா வந்து இரண்டு இடுப்பெலும்பின்மேலும் பக்கத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினாள். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் சமமாக ஏறி இறங்க வேண்டும். ஒன்று அதிகமாக ஏறினால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி. சின்னவள் ஏறி ஓட்டினாள். இடது பிளாஸ்திரி அதிகமாக ஏறியது. இடப்பக்கம் வட்டம் போட்டால் இன்னும் கொஞ்சம் அதிகம். இறங்கி, கயிற்றில் ஓட்டினாள். இரண்டும் தராசுத் தட்டுபோல ஏறி இறங்கின.

"பாரம்தான்" என்றாள் அக்கா. "சந்தேகமே இல்ல."

"எனக்கு இருக்கு."

"சரி. பாரத்தை மட்டும் ஏத்திப் பாக்கலாம். குதிரை ஓட்டத் தெரியாத பாரம். வேற யாரையாவது ஏத்து."

இதுதான் சின்னவளுக்குக் கஷ்டம். கால் ஆறியதிலிருந்து அவள் மாப்பிள்ளைமேல் வேறு யாரையும் ஏறவிட்டதில்லை. லாயக்காரர் உதைத்து ஓட்டுபவர். சவாரி கற்க வருகிறவர்கள் கடிவாளத்தைப் பேருந்துக் கம்பிபோலப் பிடிப்பவர்கள். தவிட்டு மூட்டையைக் கட்டலாம் என்றாள். மூட்டை சரியும், சரிந்தால் அவர் மிரளுவார் என்றாள் அக்கா. இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் தண்ணி குடிக்க வந்தேன்" என்றார் அத்தான்.

"ரெண்டே சுத்துங்க" என்றாள் அக்கா. "நொண்டினா அந்த நிமிஷமே நிறுத்திடுவோம்."

"யாரு நொண்டினா?"

லாயக்காரர் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "எம்பது கிலோ இருப்பீங்களா சார்?"

"போன வருஷம் இருந்தேன்."

ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு ஒரு ஸ்டூலும், லாயக்காரரின் தோளும், அக்காவின் பொறுமையும் தேவைப்பட்டன. மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி, மேலே வந்தவரைப் பார்த்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டதுபோலத் தெரிந்தது. சின்னவள் கால் வைக்கும் அங்கவடிகள் தொங்கும் வார்களை அவருடைய கால் நீளத்துக்குத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஓட்டைகளை எண்ணி, ஒரே அளவில் மாட்டினாள்.

"வலது கால் தரையைத் தேடுதும்மா" என்றார் அத்தான்.

"நீங்க கோணலா உக்காந்திருக்கீங்க அத்தான்."

"நான் பொறந்ததுலேருந்து நேராத்தான் உக்காந்திட்டிருக்கேன்."

"சேணத்து முனையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. கீழ பாக்காதீங்க."

"கீழதானே விழப்போறேன், பாத்து வச்சிக்கிறேன்."

அக்கா கயிற்றைப் பிடித்து ஓட்டினாள். மாப்பிள்ளை ஓடத் தொடங்கினார். அத்தான் குதிக்கத் தொடங்கினார். அவர் குதித்ததில் ஒரு தாளமும் இல்லை. குதிரை மேலே வரும்போது அவர் கீழே போனார், கீழே போகும்போது மேலே வந்தார், சில சமயம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தார். "எப்ப... நிறு... த்துவீங்க" என்று மூன்று தவணையாகக் கேட்டார். சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் போய் நின்று பிளாஸ்திரிகளைப் பார்த்தாள்.

இரண்டும் சமமாக ஏறி இறங்கின.

"இடப்பக்கம் திருப்பு" என்றாள். அக்கா திருப்பினாள். சமம். மறுபடி ஒரு வட்டம். சமம். அத்தான் நான்கு கால்களுக்கும் ஒரே அளவு தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு கால்களும் அதை ஒரே அளவு பொறுத்துக்கொண்டிருந்தன.

அக்கா கயிற்றை இழுத்து நிறுத்தினாள். சின்னவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான். தினமும் தேய்த்து, தடவி, நடத்தி, ஊட்டி வளர்த்தவள் ஏறினால் நொண்டுகிறார். தண்ணீர் குடிக்க வந்தவர் ஏறினால் ஜம்மென்று ஓடுகிறார். ஆனால் பொறாமை அதிக நேரம் நிற்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று உள்ளே வந்தது. அப்படியானால் என்ன வித்தியாசம்? எடை இல்லை, எடை அத்தானிடம்தான் அதிகம். சேணம் அதே சேணம். மணல் அதே மணல்.

"என்னை இறக்கிட்டு யோசிங்க" என்றார் அத்தான்.

இறக்கினார்கள். அவர் நிலத்தில் நின்று, கால்கள் இரண்டையும் சேர்க்க முயன்று, பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். "அந்த வலது பக்கம் நீளம்தாம்மா. நான் கோணல் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

சின்னவள் அங்கவடி வார் இரண்டையும் கழற்றி, சேண அறையில் ஒரே ஆணியில் தொங்கவிட்டாள். வலது வார் ஒரு கட்டைவிரல் அகலம் நீளமாக இருந்தது. தோல் வார், வருஷக்கணக்கில் பாரம் வாங்கினால் நீளத்தான் செய்யும். அவளை நிற்கவைத்தது அது இல்லை. குதிரைமேல் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள். ஏறும்போது முழு உடம்பும் இடது வாரில் தொங்கும். அதனால் நீள்வதென்றால் இடது வார்தான் நீளும். அறையிலிருந்த மற்ற சேணங்களின் வார்களையும் கழற்றிக் கழற்றித் தொங்கவிட்டுப் பார்த்தாள். லாயக்காரர், "என்னம்மா, கடை பரப்புறியா?" என்றார். எல்லாவற்றிலும் இடது வார்தான் நீளம். உலகத்திலேயே அவளுடையது மட்டும் வலது.

"அக்கா, நான் வலது பக்கமா சாய்ஞ்சு உக்கார்றேனா?"

அக்கா வார்களைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். "ஏறு. பிளாஸ்திரியைப் பாக்கப் போறதில்ல. உன்னைப் பாக்கறேன்."

குதிரை ஓடும்போது கால்கள் குறுக்குக் குறுக்காக, இரண்டிரண்டாக விழும். இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒரு அடி. மற்ற இரண்டும் அடுத்த அடி. மேலே இருப்பவர் ஓர் அடிக்கு எழுந்து, அடுத்த அடிக்கு உட்காருவார். அதனால் எப்போதும் ஒரே ஜோடிக் கால்கள்மேல்தான் அவருடைய உடம்பு வந்து இறங்கும். ஒரே ஜோடி எப்போதும் சுமக்கக் கூடாது என்பதற்காக, திசை மாறும்போதெல்லாம் ஒரு அடி கூடுதலாக உட்கார்ந்து, ஜோடியை மாற்றிக்கொள்வார்கள். சவாரி கற்கும் எல்லாரும் முதல் வருஷத்திலேயே படிப்பது. சின்னவளும் படித்திருந்தாள், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தாள்.

அவள் இடப்பக்கம் திரும்பினாள்; ஒரு அடி கூடுதலாக உட்கார்ந்து மாற்றினாள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இப்ப எந்தக் காலோட உக்கார்றே?"

"இடது பின்னங்கால். இப்பத்தானே மாத்தினேன்."

"மாத்தினே. நாலு அடி போனதும் திரும்ப மாத்திட்டே."

"இல்லியே."

"குனிஞ்சு அவர் தோளைப் பாரு, எந்த முன்னங்கால் போகுதுன்னு தெரியும்."

குனிந்து பார்த்தாள். அவள் உட்காருவது வலது பின்னங்காலோடு. தனக்கே தெரியாமல், யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்கியதுபோல ஒரு சின்ன எம்பு எம்பி, உடம்பு பழைய ஜோடிக்கே போய்விட்டிருந்தது. மறுபடி மாற்றினாள். நாலு அடி. எம்பு. மறுபடி. ஐந்து அடி. எம்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் உடம்பு தன்னைக் கேட்காமல் ஒரு தனி நிர்வாகம் நடத்திக்கொண்டிருப்பதை முதல்முறையாகப் பார்த்தாள்.

இறங்கியபோது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதன்முதலாக ஏறிய நாட்களில், அங்கிருந்த மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்: முதல் ஒரு மாசம் அந்தக் கால் விழும்போது உட்காராதே, மற்ற ஜோடியிலேயே உட்கார். ஒரு மாசம் என்று சொன்னவர், அது முடிந்ததும் வந்து நிறுத்தச் சொல்லவில்லை. மனம் நிறுத்திவிட்டது. உடம்பு, அந்தக் காலைப் பாவம் என்று தூக்கிக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

"அப்ப இவ்ளோ நாளா நொண்டினது குதிரை இல்ல" என்றார் அத்தான். அவர் ஒரு தவிட்டு மூட்டைமேல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"குதிரைதாங்க நொண்டினாரு" என்றாள் அக்கா. "இவ நொண்ட வச்சா."

"ஆசையாலதானே வச்சேன்?"

"அதான் நிக்கவே மாட்டேங்குது. கடமைக்குச் செஞ்சிருந்தா ஒரு மாசத்துல விட்டிருப்பே."

மறுநாள் கடையில் சின்னவள் தன்னைத்தானே வேவு பார்த்தாள். நிற்கும்போது வலது காலில் நின்றாள். உட்காரும்போது வலது தொடையில் உட்கார்ந்தாள். வலது செருப்பின் குதி மெழுகுவர்த்திபோலத் தேய்ந்திருந்தது. கொஞ்ச நாளாகவே வாடிக்கையாளர்கள் கண்ணாடி கோணலாக இருப்பதாகத் திரும்பி வந்துகொண்டிருந்ததும், அவர்களுக்குக் காது ஏற்றத்தாழ்வாக இருப்பதாகத் தான் விளக்கம் சொல்லி அனுப்பியதும் ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருவர் அதன்பிறகு தொப்பி போடத் தொடங்கிவிட்டார். அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். எந்தக் காதுக்காக என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள்.

காரணம் தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் யாரும் உடம்பிடம் பேச்சுவார்த்தை நடத்தியதில்லை. புது வார்கள் வாங்கி மாட்டினாள். தினமும் சாயங்காலம் அக்கா திடல் நடுவில் நின்றுகொண்டு, "மாத்து" என்பாள். சின்னவள் மாற்றுவாள். கவனித்துக்கொண்டிருந்தால் நின்றது. கொஞ்சம் அயர்ந்தால், ஒரு பறவை பறந்தால், லாயக்காரர் இருமினால், உடம்பு எம்பிவிட்டது. "மாத்து." "மாத்து." ஒருநாள் பக்கத்துத் திடலில் கற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மாற்றிவிட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுதியானது. அவள் இடது பின்னங்காலோடு உட்கார்ந்த நேரமெல்லாம் மாப்பிள்ளை சீராக ஓடினார். மாறிப்போன நேரமெல்லாம் நொண்டினார். கால் முழுசாகப் பாரம் வாங்கியது. மறுநாள் தொட்டுப் பார்த்தால் சூடில்லை, வீக்கமில்லை.

"நீ வெளியிலேருந்து குரல் குடுக்க முடியாதா, போட்டியிலயும்?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"வெளியாள் குரல் குடுத்தா மணி அடிப்பாங்க."

"மெதுவாக் குடேன்."

"நான் எப்படி மெதுவாக் குடுப்பேன்? நாயையே அதட்டிப் பழகின குரல்."

போட்டி நாள் காலையில் அத்தான்தான் குதிரையை ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வழக்கமான பரிசோதனை: கையில் பிடித்து, நேராக ஓட்டிப்போய்த் திரும்பி வர வேண்டும். மாப்பிள்ளை அதில் எப்போதும் தேறுவார். பரிசோதித்தவர் தலையாட்டினார். சின்னவளுக்கு அதில் எந்த நிம்மதியும் இல்லை. நொண்டுவது இனிமேல்தானே ஏறப்போகிறது.

திடலுக்குள் நுழைந்தபோது மேசைக்குப் பின்னால் அதே நடுவர் அம்மாள். பக்கத்தில் அவர் சொல்வதை எழுத ஒரு பெண். மேசைமேல் தண்ணீர், காகிதம், மணி. நேர்க்கோட்டில் வந்து, நின்று, வணங்கினாள். வலப்பக்கம் திரும்பி ஓட்டத்துக்கு வந்தாள். வலப்பக்கம் பிரச்சினை இல்லை; அவளுடைய உடம்பு விரும்பும் ஜோடிதான் அங்கே சரியான ஜோடியும். மாப்பிள்ளை காதுகளை முன்னால் வைத்துக்கொண்டு, இப்படி ஒரு சபைக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று ஓடினார்.

குறுக்கே கடந்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாற்றினாள். ஒன்று, இரண்டு. வட்டம் தொடங்கியது. கடிவாளத்தைச் சரிபார்த்தாள், அவர் கழுத்தின் வளைவைப் பார்த்தாள், வட்டம் வட்டமாக வருகிறதா என்று பார்த்தாள். அந்தப் பார்வைகளுக்கு நடுவே உடம்பு எம்பிவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது நடுவர் அம்மாளின் வலது கை. அது காகிதத்தை விட்டு, தண்ணீரைத் தாண்டி, மணிப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

"மாத்து" என்றாள் சின்னவள், வாய்விட்டு.

உட்கார்ந்தாள். மாறியது. மாப்பிள்ளையின் ஒரு காது பின்னால் திரும்பி, பேச்சு தன்னிடம் இல்லை என்று தெரிந்துகொண்டு, முன்னால் போனது. நடுவர் அம்மாளின் கை மணிக்குப் பக்கத்திலேயே நின்றது.

திடலுக்குள் சவாரி செய்பவர் பேசக் கூடாது. பேசினால் ஒவ்வொரு தடவைக்கும் மதிப்பெண் குறைப்பார்கள். ஆனால் பேசியதற்காக மணி அடிக்க மாட்டார்கள். இந்த இரண்டு விதிகளையும் சின்னவள் பல வருஷமாக அறிவாள். அவற்றை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தது இப்போதுதான்.

"மாத்து" என்றாள் அடுத்த கால் வட்டத்தில், மாற வேண்டியதில்லை என்றாலும் ஒரு முன்ஜாக்கிரதைக்காக. பிறகு, "இப்படியே இரு" என்றாள். "எம்பாதே." "எம்பாதேன்னு சொன்னேன்." எழுதும் பெண்ணின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. திடலுக்கு வெளியே அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. தங்கச்சியின் வாயைப் பொத்த முடியாததால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இடப்பக்க வட்டத்தை முடித்தார், நீளப் பக்கத்தில் அடி அகலமாக்கி ஓடினார், மூலையில் மடங்கித் திரும்பினார். நடுவர் அம்மாளின் கை எப்போது காகிதத்துக்குத் திரும்பியது என்று சின்னவள் பார்க்கவில்லை. அவள் தன்னோடு பேச்சில் இருந்தாள்.

நின்று, வணங்கியதும் நடுவர் அம்மாள் எழுந்து வந்தார். "பேசக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அவர்கிட்ட என்னத்தைச் சொல்லிட்டே இருந்தே?"

"அவர்கிட்ட இல்ல மேடம். அவரு ஒழுங்காத்தான் ஓடுவாரு. எங்கிட்டத்தான்."

நடுவர் அம்மாள் குதிரையைச் சுற்றிப் பின்பக்கம் போய், தழும்பு இருந்த மூட்டைப் பார்த்தார். "போன தடவை நான் வெளிய அனுப்பினது இவரைத்தானே? மூட்டுக்கு என்ன பண்ணீங்க?"

"மூட்டுக்கு ஒண்ணும் பண்ணல மேடம்."

அவர் குனிந்து தழும்பை மறுபடி பார்த்தார். மேற்கொண்டு கேட்க ஆசையாக இருந்தது போலும். அடுத்த குதிரை வாசலில் வந்து நின்றுவிட்டது. "சரி, போ" என்றார்.

மத்தியானம் பலகையில் முடிவு ஒட்டினார்கள். அத்தான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கடைசி."

"கடைசின்னா? வெளியேத்தினாங்களா?" என்றாள் அக்கா.

"இல்ல. முறைப்படி கடைசி. நம்பர் போட்டு, எல்லாருக்கும் கீழ."

அக்கா வண்டிப்பக்கம் போனாள். மாப்பிள்ளையின் பின்னால் குந்தி உட்கார்ந்து, இடது மூட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். பிறகு வலது மூட்டை. பிறகு மறுபடி இடது. மாப்பிள்ளை வைக்கோலைத் தின்றபடி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று நின்றார். அக்கா எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"சூடு இல்ல" என்றாள். "அடுத்தது எப்பன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வா."

சின்னவள் இரண்டாவது முறை சொல்லும்வரை காத்திருக்கவில்லை. ஆபீஸ் பக்கம் நாலு எட்டு வைத்திருப்பாள்.

"ஏம்மா, நொண்டுறே?" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

நின்றாள். உண்மைதான். இடது தொடையின் உள்பக்கத்தில், வெகுநாளாக யாரும் திறக்காத அறைபோல ஓரிடம் வலித்தது. அழுத்திப் பார்த்தாள். புது வலி, நல்ல கெட்டியான வலி.

"எந்தக் கால் அத்தான்?"

"இடது மாதிரி இருக்கு."

"மாதிரியெல்லாம் வேணாம், சரியாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் சின்னவள். வண்டிவரை திரும்பி வந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுபடி நேராக நடந்தாள்.